கேஸ் ஹீட்டரைச் சிலிண்டரோடு இணைப்பது: தென்னாப்பிரிக்க வீடுகளுக்கான கேள்வி-பதில்

ஆனி, ஆடி வந்தால் லெனேசியாவிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் பரணில் கிடக்கும் கேஸ் ஹீட்டர் கீழே இறங்கும். டர்பனில் குளிர் குறைவுதான், ஆனாலும் ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த் மேடுகளில் இரவில் தேவைப்படும். இங்கே பேசுவது பின்பக்கத்தில் சிலிண்டர் வைக்கும் சக்கர ஹீட்டரைப் பற்றி. சுவரில் பதித்த ஹீட்டருக்குச் சட்டம் வேறு. அதை முதல் கேள்வியிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஹீட்டரை நானே மாட்டலாமா, ஆள் கூப்பிட வேண்டுமா?

சிலிண்டரும் ஹீட்டரும் ஒரே பெட்டிக்குள் இருந்து, நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ் மட்டும் போகிறது என்றால் நீங்களே மாட்டலாம். சான்றிதழ் வேண்டாம். சிலிண்டரை வெளியே வைத்துச் சுவர் வழியாகச் செம்புக் குழாய் கொண்டுவருவது, கணப்பு அடுப்பைப் பதிப்பது, இருக்கிற குழாயிலிருந்து கிளை எடுப்பது ஆகிய எதையும் எஸ்.ஏ.கியூ.சி.சி கேஸ் (கேஸ் வேலை செய்பவர்களைப் பதியும் அமைப்பு) பதிவு அட்டை உள்ள ஆளைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. 2009-இன் அழுத்தக் கருவி விதிகளின்படி அவர் வேலை முடித்துச் சி.ஓ.சி என்ற இணக்கச் சான்றிதழ் தர வேண்டும். பதித்த கேஸ் இணைப்பு இருக்கும் வீட்டை விற்கும்போதும் புதுச் சான்றிதழ் எடுத்தாக வேண்டும். “எங்க பக்கத்து வீட்டு பிளம்பர் செய்வார்” என்பார்கள். பிளம்பிங் உரிமம் வேறு, கேஸ் அட்டை வேறு. அட்டையின் பின்புறத்தில் எந்த வகை வேலைக்கு அனுமதி என்று போட்டிருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ரப்பர் ஹோஸைச் சுவரில் துளை போட்டோ ஜன்னல் இடுக்கு வழியாகவோ கொண்டுபோவது சட்டத்துக்கும் ஆகாது, புத்திக்கும் ஆகாது. சிலிண்டர் வெளியே, ஹீட்டர் உள்ளே என்றால் அது செம்புக் குழாய் வேலைதான்.

எந்த சிலிண்டர்?

9 கிலோ. ஹீட்டரின் பின்பெட்டி அதற்காகவே செய்தது. 14 கிலோவையோ 19 கிலோவையோ பெட்டிக்கு வெளியே தரையில் வைத்து நீள ஹோஸ் போட்டு ஓட்டுகிறார்கள். அந்த ஹோஸ் காலில் தட்டும், நாற்காலிக் காலில் நசுங்கும், சிலிண்டர் சாயும். அடுக்குமாடி வீட்டுக்குள் 9 கிலோ ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். கட்டட நிர்வாகக் குழுவுக்குத் தனி விதியும் இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கழுத்துக் காப்பில் பொறித்த வெற்று எடையைப் பாருங்கள். அதோடு 9 சேர்த்தால் நிரம்பிய எடை. 10.4 என்று இருந்தால் தராசில் 19.4 காட்ட வேண்டும். குறைந்தால் காசு நஷ்டம். கூடினால் ஆபத்து, ஏனென்றால் திரவம் விரிவதற்கு மேலே இடம் விட்டுத்தான் நிரப்ப வேண்டும். தெருவோரத்தில் பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதுக்கு ஊற்றித் தருபவர்களிடம் நடப்பது இதுதான். வால்வு வாயில் சீல் இல்லாத சிலிண்டரை வாங்காதீர்கள்.

காரில் நிமிர்த்தியே கொண்டு வாருங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். படுக்க வைத்தால் வால்வுப் பக்கம் திரவம் வந்துவிடும்.

இணைக்க என்னென்ன வேண்டும்?

நாலு பொருள்தான்.

ரெகுலேட்டர்: தாழ் அழுத்த வகை, வெளிவரும் அழுத்தம் 2.8 கிலோபாஸ்கல். உடம்பிலேயே எழுதியிருக்கும். 9 கிலோ சிலிண்டருக்கு உருண்டை மூக்கு வைத்த ‘புல்நோஸ்’ வகை. கடையில் இந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

ஹோஸ்: உள்விட்டம் 8 மில்லிமீட்டர். மேலே எஸ்.ஏ.என்.எஸ் 1156 என்ற தென்னாப்பிரிக்கத் தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் போவதற்கு அரை மீட்டருக்குச் சற்று மேல் போதும். எந்த இடத்திலும் 2 மீட்டரைத் தாண்டக் கூடாது. தோட்டக் குழாய், பெட்ரோல் குழாய், கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் குழாய் எதுவும் வேண்டாம். கேஸ் பட்டால் அவை இறுகி வெடிக்கும்.

ஹோஸ் கிளிப் இரண்டு: திருகி இறுக்கும் வகை. கம்பியை முறுக்கிக் கட்டுவது கிளிப் ஆகாது. கடலோரம் இருக்கும் மெரிபேங்க், இசிபிங்கோ வீடுகளில் சாதாரண கிளிப் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு கிளிப் வாங்குங்கள், விலை அதிகம் கூடிவிடாது.

ரெகுலேட்டர் மூக்கில் மாட்டும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், கூடுதலாக இரண்டு: கேஸ் கடையிலேயே வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் வாஷர் அளவில் பொருந்தினாலும் ரப்பர் வேறு. கேஸ் பட்டு ஊதி, பிறகு பிளக்கும்.

ஹீட்டரையே புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் எல்.பி. கேஸ் சங்கத்தின் அனுமதி எண் அதற்கு உண்டா என்று கடையில் கேளுங்கள்.

ஆடிக் கஞ்சிக்கு வைத்திருக்கும் பெரிய அடுப்பின் ரெகுலேட்டரை ஹீட்டருக்குப் போடலாமா?

கூடவே கூடாது. இந்தக் கேள்வி ஆடி மாதத்தில்தான் வரும், வருகிற காரணமும் புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கஞ்சிக்கு முற்றத்தில் மூன்று கால் அடுப்பு எரிந்திருக்கும். மாலையில் குளிர், சிலிண்டர் கையில் இருக்கிறது, ரெகுலேட்டரும் ஏற்கெனவே மாட்டியபடி இருக்கிறது. அப்படியே உள்ளே தூக்கிவந்து ஹீட்டர் ஹோஸைச் சொருகிவிடத் தோன்றும்.

பெரிய பானை அடுப்புகள் பலவற்றுக்கு உயர் அழுத்த ரெகுலேட்டர் போட்டிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சிலதில் மேலே திருகுக் குமிழ் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. ஹீட்டரின் ஜெட் (கேஸ் வெளிவரும் சிறு துளை) 2.8 கிலோபாஸ்கலுக்கு அளந்து துளைத்தது. பல மடங்கு அழுத்தம் வந்தால் பேனலுக்குள் (முன்பக்கம் சிவந்து சூடு தரும் பலகை) எரிய வேண்டிய தீ வெளியே நாக்கு நீட்டும், உள்ளே இருக்கும் வால்வின் சீல் பிய்யும், ஹோஸ் கிளிப்பிலிருந்து கழன்று வரும். வீட்டில் இரண்டு வகை ரெகுலேட்டர் இருந்தால் உயர் அழுத்தத்துக்குச் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடு அடித்து, அடுப்போடு சேர்த்தே கட்டி வையுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ஹீட்டர் ரெகுலேட்டரைப் பானை அடுப்புக்குப் போட்டால் கஞ்சி கொதிக்காது, அவ்வளவுதான்.

ஹோஸை எப்படிச் சொருகுவது?

முனையைக் கத்தியால் நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் கிளிப் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். கிளிப்பை முதலில் ஹோஸில் மாட்டிவிட்டு, முனையை அரை நிமிடம் சுடுநீரில் வைத்து, துடைத்து, நாசிலின் (ஹோஸ் ஏறும் குழாய் முனை) எல்லா வளையங்களையும் தாண்டும்வரை தள்ளுங்கள். எண்ணெய், வாசலின் தடவாதீர்கள். இப்போது எளிதாகப் போகும், பிறகு அதே வழுக்கலில் வெளியேயும் வரும். கிளிப் நாசில் வளையங்களுக்கு மேல் உட்கார வேண்டும். ரப்பர் இரு பக்கமும் லேசாகப் புடைக்கும்வரை இறுக்குங்கள். ரப்பருக்குள் கிளிப் வெட்டி இறங்கினால் அது அதிகம், அந்தத் துண்டை வெட்டிப்போட்டு மறுபடி செய்யுங்கள்.

சொருகியபின் ஹோஸ் எங்கும் மடங்காமல், ஹீட்டரின் முதுகுத் தகட்டில் படாமல், பெட்டியின் கூர் விளிம்பில் உரசாமல் இருக்கிறதா என்று சிலிண்டரை உள்ளே வைத்தபிறகு பார்க்க வேண்டும். வெளியே வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

வருடா வருடம் ஹோஸை விரலில் வளைத்துப் பாருங்கள். வளைவில் முடி மாதிரி விரிசல் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். விரிசல் இல்லாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

ரெகுலேட்டர் நட்டு இறுகவே மாட்டேன் என்கிறது. எந்தப் பக்கம் திருகுவது?

இடது பக்கம். புல்நோஸ் இணைப்பு இடது மரை. தண்ணீர்க் குழாய்க்கு நேர் எதிர், கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகினால் இறுகும். குழப்பம் எங்கே என்றால், சிலிண்டரின் மேல் வால்வுக் குமிழ் சாதாரண மரை. அதையும் இடது பக்கம் திருகினால் திறக்கும். ஒன்றை இறுக்குகிற திசையிலேயே இன்னொன்று திறக்கிறது. அதனால் ரெகுலேட்டரைத் தொடும் முன் வால்வுக் குமிழ் வலது பக்கம் முழுக்க மூடியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாட்டும் வரிசை இது:

வெளியே, அல்லது கதவு திறந்த இடத்தில் செய்யுங்கள். ஹீட்டர் அணைந்து ஆறியிருக்க வேண்டும். அறையில் சிகரெட், மெழுகுவர்த்தி, விளக்கு எதுவும் எரியக் கூடாது.

பழைய சிலிண்டரின் வால்வை மூடி, நட்டை வலது பக்கம் திருகிக் கழற்றுங்கள். உடனே ரெகுலேட்டர் மூக்கைப் பாருங்கள்: ஓ-ரிங் இருக்கிறதா? பல நேரம் அது பழைய சிலிண்டரின் வாய்க்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், காலிச் சிலிண்டரோடு கடைக்கும் போய்விடும். புதுச் சிலிண்டரில் மாட்டியதும் ‘உஸ்’ என்று கேட்பதற்கு இதுதான் முதல் காரணம்.

புதுச் சிலிண்டரின் சீலையும் அடைப்பானையும் எடுத்து, வாய்க்குள் மண், பூச்சி, பழைய ரப்பர் துண்டு இல்லை என்று பாருங்கள். சுத்தமான துணியால் துடையுங்கள்.

மூக்கை நேராக உள்ளே வைத்து, இடது பக்கம் கையால் திருகுங்கள். முதல் இரண்டு சுற்று இலேசாகப் போக வேண்டும். அடம்பிடித்தால் மரை ஏறுமாறாக ஏறுகிறது, கழற்றி மறுபடி வையுங்கள். பித்தளை மரை ஒருமுறை தேய்ந்தால் பிறகு எதுவும் பிடிக்காது.

கைப்பிடிச் சக்கரம் வைத்த நட்டு என்றால் கை இறுக்கமே போதும். ஸ்பேனர் போட்டால் ரப்பர் நசுங்கி அடுத்த முறை கசியும். ஓ-ரிங் இல்லாமல் பித்தளையோடு பித்தளை உட்காரும் அறுகோண நட்டு என்றால் ஸ்பேனரால் ஒரு கடி கொடுங்கள். இரண்டிலும் மரையில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். இங்கே கசிவை நிறுத்துவது மூக்கு, மரை இல்லை. டேப் சுற்றினால் மூக்கு முழுதாக உள்ளே போகாது.

ரெகுலேட்டரின் மூச்சுத்துளை கீழ்நோக்கி இருக்கட்டும். அதில் தண்ணீர் நிற்கவும் குளவி மண் அடைக்கவும் இடம் தரக் கூடாது.

கசிவு இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சோப்பு நுரை. வேறு வழி தேட வேண்டாம். பாத்திரம் கழுவும் சன்லைட் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, தூரிகையில் தொட்டுக்கொள்ளுங்கள். ஹீட்டரின் குமிழை மூடிவைத்து, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, இந்த இடங்களில் தடவுங்கள்: மூக்கு வால்வில் சேரும் இடம், வால்வுக் குமிழின் அடித்தண்டு, ரெகுலேட்டரின் மூச்சுத்துளை, ஹோஸின் இரண்டு முனை, ஹோஸ் வளையும் இடம். ஒவ்வொன்றையும் அரை நிமிடம் பாருங்கள். பெரிய கசிவு உடனே கொப்பளிக்கும். சிறு கசிவில் மெல்ல வெள்ளை நுரைக் கொத்து வளரும்.

வால்வுத் தண்டிலோ சிலிண்டர் உடம்பிலோ நுரை வந்தால் நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை, மூடி வெளியே வைத்துக் கடைக்குத் திருப்புங்கள். மூச்சுத்துளையில் வந்தால் உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது, ரெகுலேட்டரை எறியுங்கள். மற்ற இடங்கள் ஓ-ரிங், கிளிப் சமாசாரம்.

தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் பழைய ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. தாத்தா செய்தார், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். அன்றைக்குக் கசிவு இருக்கவில்லை, அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை.

ரெகுலேட்டரில் அழுத்தம் காட்டும் முள் இருந்தால் இன்னொரு சோதனை: வால்வைத் திறந்து மூடுங்கள், பத்து நிமிடம் கழித்து முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அந்த முள் எவ்வளவு கேஸ் மீதி என்று காட்டாது. திரவம் தீரும்வரை அழுத்தம் ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கும். மீதியை அறியத் தராசுதான்.

பைலட் (முதலில் பற்றும் சிறு தீ) பிடிக்கிறது, கையை எடுத்தால் அணைகிறது.

புது ஹோஸில் காற்று இருக்கும், குமிழை ஒரு நிமிடம்வரை அழுத்தி வைத்தால்தான் கேஸ் வரும். பிடித்தபிறகும் இருபது விநாடி அழுத்தியே வையுங்கள். தீயில் நிற்கும் தெர்மோகப்பிள் (சூட்டை உணரும் கம்பி) சூடானால்தான் உள் வால்வு திறந்து நிற்கும். அதன் நுனி தீக்கு வெளியே வளைந்திருந்தாலோ கரி படிந்திருந்தாலோ நிற்காது. பல முயற்சி தோற்றால் மூடிவிட்டு ஐந்து நிமிடம் காற்றோட்டம் விட்டு மறுபடி முயலுங்கள். கேஸ் தேங்கிய பெட்டியில் பொறி விழுந்தால் ‘டப்’ என்று முகத்துக்கு வரும்.

நன்றாக எரிந்துகொண்டிருந்தது ஒரு மணி நேரம் கழித்துத் தானே அணைந்தால் அது வேறு. பைலட்டோடு சேர்ந்திருக்கும் ஆக்ஸிஜன் உணரி அறைக்காற்று கெட்டுவிட்டது என்று சொல்கிறது. ஜன்னலைத் திறங்கள். அந்த உணரியை வேலை செய்யவிடாமல் ஆக்கி ஓட்டித் தருகிறேன் என்கிற மெக்கானிக்கை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குளிருக்குத்தானே ஹீட்டர், ஜன்னலை ஏன் திறக்க வேண்டும்?

இந்த ஹீட்டருக்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்து வருவது எல்லாம் அறைக்குள்ளேயே நிற்கும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும், சளிக் காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துவிடுவார்கள். ஒரே வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி என்றால் ஹீட்டரை அணைத்து வெளியே வாருங்கள்.

எதிரெதிரான இரண்டு இடத்தில் நாலு விரல் திறப்பு வையுங்கள். படுக்கையறையிலும் குளியலறையிலும் வேண்டவே வேண்டாம். ஆயா அறை குளிர்கிறது என்றால் படுக்கும் முன் ஹீட்டரை அறை வாசலுக்கு வெளியே வைத்து, கதவைத் திறந்துவிட்டு அறையைச் சூடாக்கி, பிறகு ஹீட்டரை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிவதும் இதனால்தான். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். மூன்று பேனலும் எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர். டர்பன் ஈரத்தில் சுவரில் பூஞ்சை பிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்.

சிலிண்டரில் பனி படிகிறது, தீ மங்குகிறது. கேஸ் தீர்ந்துவிட்டதா?

ஆட்டிப் பார்த்தால் திரவம் சலசலக்கும், தீரவில்லை. திரவம் ஆவியாகச் சூடு வேண்டும், அதைச் சிலிண்டர்ச் சுவரிலிருந்து எடுக்கிறது. இந்தக் கேஸ் புரோபேனும் பியூட்டேனும் கலந்தது: புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதிக்கும், பியூட்டேன் பூஜ்யத்துக்கு அருகிலேயே நின்றுவிடும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் உறைபனி இரவில் வெளியே கிடந்த சிலிண்டரை மாட்டி மூன்று பேனலும் போட்டால் இப்படி ஆகும். ஒரு பேனலுக்குக் குறையுங்கள், சிலிண்டர் அறைச் சூட்டுக்கு வரட்டும். வெந்நீர் ஊற்றுவதோ மற்றொரு ஹீட்டரை எதிரே வைப்பதோ வேண்டாம்.

ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

மூன்று பேனல் ஹீட்டர் பெரும்பாலும் 4.2 கிலோவாட். முழுதாக எரிந்தால் மணிக்கு 300 கிராம், 9 கிலோ சுமார் 30 மணி நேரம் வரும். ஒரே பேனல் என்றால் 90 மணிக்குக் கிட்ட. இதைவிட வெகு சீக்கிரம் தீர்ந்தால் எடை குறைவாக வாங்கியிருக்கிறீர்கள், அல்லது கசிகிறது.

சாமி விளக்கு எரியும் அறையில் வைக்கலாமா?

எரியும் ஹீட்டரே ஒரு தீதான், விளக்கோடு அதற்குப் பகை இல்லை. சிலிண்டர் மாற்றுவதுதான் விளக்கு இருக்கும்போது கூடாது. வெள்ளிக்கிழமை மாலை விளக்கு ஏற்றும் நேரமும் குளிர் தொடங்கும் நேரமும் ஒன்று. கேஸ் அப்போதுதான் தீரும். எல்.பி. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு நகரும். தரையில் வைத்த குத்துவிளக்கு அடுத்த மூலையில் இருந்தாலும் போய்ச் சேரும். விளக்கு மலையேறியபிறகு மாற்றுங்கள், அல்லது ஹீட்டரை முற்றத்துக்குத் தள்ளிப்போய் மாற்றுங்கள். சேலை முந்தானை, திரை, சோபா எதுவும் முன்பக்கம் ஒரு மீட்டருக்குள் வரக் கூடாது. துணி காயப்போடாதீர்கள்.

கேஸ் நெடி அடித்தால்?

சிலிண்டர் வால்வை மூடுங்கள். மின் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவுகளைத் திறந்து எல்லாரையும் வெளியேற்றுங்கள். போனை வெளியே போய் எடுத்து 10177 அல்லது கைபேசியில் 112 அழையுங்கள். மின்வெட்டு நேரத்தில் நெடி வந்தால் கூடுதல் அவசரம்: மின்சாரம் திரும்பும் நொடியில் ஃப்ரிட்ஜ் தானே பொறி விடும். மூடியும் கசிகிற சிலிண்டரைத் தூக்க முடிந்தால் திறந்த வெளியில் நிமிர்த்தி வையுங்கள், சாக்கடை வாய்க்கு அருகில் வேண்டாம், கேஸ் அதில் இறங்கும்.

வால்வுப் பக்கம் தீப்பிடித்தால், கை எட்டினால் ஈரத்துணி போர்த்தி வால்வை மூடுங்கள், தீ தானே அணையும். எட்டாவிட்டால் தீயை மட்டும் அணைக்க முயலாமல் வெளியேறுங்கள். எரியாமல் பரவும் கேஸ் எரிகிற கேஸைவிட மோசம்.

குளிர் முடிந்து எடுத்து வைக்கும்போது?

வால்வை மூடிவிட்டு ஹோஸில் இருப்பது எரிந்து தீரவிடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, மூக்கில் சுத்தமான பிளாஸ்டிக் பை கட்டுங்கள். சிலிண்டர் வாய்க்கு அடைப்பானைப் போட்டு வெளியே நிழலில், நிமிர்த்தி, கதவு ஜன்னலிலிருந்து ஒரு மீட்டரும் சாக்கடையிலிருந்து இரண்டு மீட்டரும் தள்ளி வையுங்கள். ஹீட்டரைப் பழைய விரிப்பால் மூடுங்கள். பைலட் ஜெட்டில் சிலந்தி கூடு கட்டும், அடுத்த ஆனியில் தீ மஞ்சளாகச் சோர்ந்து நிற்கும். அப்போது ஜெட்டில் ஊசியை விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். சைக்கிள் பம்பால் ஊதினால் போதும்.